மேக்கால ரெண்டு புள்ளி

பிப்ரவரி 17, திங்கள்

ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். என்னை அவர் கூப்பிட்டால் இரண்டே காரணம்தான் இருக்கும். மந்திரி வருகிறார், கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ என் விளையாட்டுப் பீரியடைக் கேட்கிறார்கள். இன்று புதிதாக ஒன்று வைத்திருந்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளை ஒன்றுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். பொதுத் தேர்வில் அது சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். அந்த ஆளுக்கு ஸ்கிரைப் என்று பெயர். மற்றப் பாடங்களுக்கெல்லாம் ஆள் போட்டாகிவிட்டது. வேதியியல் என்றதும் ஆளாளுக்கு முதுகுவலி வந்துவிட்டது. படம் போட வேண்டுமாம், புள்ளி வைக்க வேண்டுமாம். அதோடு, எழுதுகிறவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்று விதி வேறு.

“தாராபுரத்துல கெமிஸ்ட்ரி சுத்தமாத் தெரியாத வாத்தியார் நீங்க ஒருத்தர்தானுங் நாச்சிமுத்து” என்றார். ஏதோ விருது கொடுப்பது போலச் சொன்னார்.

எப்படித் தெரியும்? எங்கள் பள்ளி வேதியியல் வாத்தியார் கலியமூர்த்தி, “போர்ஷன் முடியலீங், இன்னைக்கு ஒரு நாள் மட்டும்” என்று பல வருடமாக என் பீரியடைத் தின்று வருகிறார். பிள்ளைகள் பந்தைத் தொட்டதில்லை. அந்த நேரத்தில் எல்லாம் இவர்கள் என்னத்தைக் கிழித்தார்கள் என்று பார்த்துவிடலாம். சரி என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

பெண்கள் பள்ளி லேபில் முதல் பயிற்சி. பிள்ளையின் பெயர் சம்யுக்தா. நல்ல உயரம். கூடைப்பந்துக்கு அனுப்பியிருக்க வேண்டிய உடம்பை உட்கார வைத்துக் கெடுத்திருக்கிறார்கள். முழங்கை வரை மாவுக்கட்டு.

எப்படி முறிந்தது என்று கேட்டேன். வீட்டுச் செம்மறிக் கிடா முட்டியதாம். என்ன படிக்கப் போகிறாய் என்றேன். கால்நடை மருத்துவமாம். “கிடாகிட்ட அடி வாங்கின ஆட்டு டாக்டரா, பேஷ்” என்றேன். சிரிக்கவில்லை. திமிர்.

“சார், நீங்க யோசிக்க வேண்டாமுங். நான் சொல்றத மட்டும் போடுங்க.”

கிரவுண்டில் நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற வசனம் இது. பதினேழு வயதுப் பொடுசு என்னைப் பார்த்துச் சொல்கிறது.

அம்மோனியாவுக்கு லூயிஸ் அமைப்பு என்றாள். நடுவில் N, சுற்றி மூன்று H, நடுவில் கோடுகள். போட்டேன். “நைட்ரஜனுக்கு மேல ஒரு லோன் பேர்” என்றாள். நல்ல கையெழுத்தில் ‘லோன் பேர்’ என்று எழுதினேன். தலையில் இடது கையை வைத்துக்கொண்டாள்.

“எழுதறதில்லீங் சார். எந்தப் பிணைப்புலயும் சேராம அந்த அணுகிட்டயே நிக்கற ரெண்டு எலக்ட்ரான். ரெண்டு புள்ளி வெக்கோணும்.”

புள்ளி வை என்றால் வைத்துவிட்டுப் போகிறேன். அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் எதற்கு?

பிப்ரவரி 24, திங்கள்

வலது பக்கம் என்கிறாள். எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னால் யாருடைய வலது? தண்ணீருக்கு ஒரே பக்கத்தில் எட்டுப் புள்ளி விழுந்துவிட்டது. வெல்லத்தைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. நான் கத்தினேன், அவளும் கத்தினாள். லேப் அட்டெண்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் திசை வைத்துக்கொள்வது என்று முடிவானது. வீட்டில் செம்பை எடுப்பதற்கே “கெழக்கால இருக்குது பாரு” என்று சொல்கிற ஊர் இது. ஆக்சிஜனுக்குக் கெழக்கால ரெண்டு, வடக்கால ரெண்டு. சுலபம்.

சுலபம் என்று நினைத்தேன். அவள் மேக்கால என்றதும் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்து, நிஜ மேற்கு எதுவோ அந்தப் பக்கமாகப் புள்ளி வைத்தேன். மேஜை கோணலாகக் கிடந்தது. படம் குப்புற விழுந்தது.

“சார், பேப்பருக்கு மேல் பக்கந்தான் வடக்கு. சூரியனெல்லாம் பாக்காதீங்க.”

சூரியனையே பார்க்காதே என்கிற படிப்பு. உருப்படும்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை புள்ளி என்று இவளுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சும்மா கேட்டேன். நேரம் போக வேண்டுமே.

“கணக்குங் சார். நைட்ரஜன் வெளிக்கூட்டுல அஞ்சு. ஹைட்ரஜன் ஒவ்வொண்ணும் ஒண்ணு, ஆக மூணு. மொத்தம் எட்டு. ஒரு கோட்டுக்கு ரெண்டு செலவு. மூணு கோடு, ஆறு போச்சு. மீதி ரெண்டு. அதுதான் மேல நிக்கற லோன் பேர். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.”

இவ்வளவுதானா? இதற்கா என் பீரியடை எல்லாம் பிடுங்கினார்கள்? கிரவுண்டில் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கலியமூர்த்தியைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

ஓசோனுக்குப் போட்டேன். பதினெட்டு சரியாக வந்தது. நான் எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

மார்ச் 3, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் கலியமூர்த்தி தன் சாமர்த்தியத்தை அளந்தார். செய்முறைத் தேர்வில் பையன் தவறான குப்பியைத் தொட்டால் இவர் இருமுவாராம். சரியான குப்பி என்றால் இருமல் நிற்குமாம். “நூத்துக்கு நூறு வாங்க வெச்சேன்” என்று மார்தட்டினார்.

வெட்கங்கெட்ட பிழைப்பு. மாவட்டக் கபடிப் போட்டியில் நான் நடுவராக நின்றபோது எங்கள் பள்ளிப் பையனையே அவுட் கொடுத்தவன். கோட்டுக்கு வெளியே நிற்கிறவன் வெளியேதான் நிற்க வேண்டும். இருமல் மருந்து வாங்கித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மெல்லிய முனைப் பேனா ஒன்று வாங்கினேன். பழையது மை கக்குகிறது. வேறு காரணம் இல்லை.

மார்ச் 10, திங்கள்

வீட்டில் பழைய பேப்பரில் நைட்ரிக் அமிலம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜினி வந்து எட்டிப் பார்த்தாள்.

“ரிட்டயர் ஆகற வயசுல மாமாவுக்குப் படிப்பு வந்துருச்சாட்ட” என்று அடுப்படியிலிருந்து ஒரே சிரிப்பு. கை பழக வேண்டும் என்றேன். பொண்டாட்டியிடம் விளக்கம் சொல்லி ஜெயித்தவன் எவன்?

இன்று பயிற்சிக்குப் பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார். குண்டடம் பக்கம் செம்மறி மேய்க்கிறவர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எதற்கு ஆட்டு டாக்டருக்கே இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் இவள் சொன்னாள்.

“போன வருசம் நீலநாக்கு நோய்ல பட்டியில பாதி போச்சுங் சார். டாக்டருக்குப் போன் மேல போன். மூணாம் நாள் வந்தாரு. ஜீப்பை விட்டே எறங்கலீங். கண்ணாடிய எறக்கி, பொதச்சிருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் எறங்குவேன்.”

கால்நடைப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்தானாம் கணக்கு. அரை மார்க்கில் ஆயிரம் பேர் வரிசை மாறிவிடுமாம். உயிரியலும் இயற்பியலும் அவளுக்குப் பயம் இல்லை. வேதியியலில் ஒன்று கூட விடக் கூடாது என்றாள்.

அப்பா மறுபடியும் கும்பிட்டார். “எங்க சொல்லுல ஒண்ணும் இல்லீங், எல்லாம் உங்க கையிலதானுங் இருக்குது.” எனக்கு எரிச்சலாக வந்தது. கை மட்டும்தான் என்னுடையது, மூளை அவளுடையது என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 12, புதன்

இன்று சண்டை. நடு அணுவுக்கு எல்லாம் சரியாகச் சொல்லிவிடுகிறாள். ஓரத்து அணுக்களில் எங்காவது ஒரு ஜோடியை விட்டுவிடுகிறாள். அவள் படித்த கைடில் ஓரத்துப் புள்ளிகளைப் போடுவதே இல்லையாம். அச்சுக்கூலி மிச்சம் பிடித்திருக்கிறான் படுபாவி.

“தெக்கால இருக்கற புளோரினுக்கு ரெண்டு கொறையுது அம்மிணி” என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

முகம் சிவந்துவிட்டது. “நீங்க ஏனுங் சார் எண்ணறீங்க?”

“கண்ணுல பட்டுச்சு, சொன்னேன். பயிற்சிதானே?”

“பயிற்சியில சொன்னா ஹால்லயும் வாயில வந்துரும். ஹால்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னாக்கூட அது எம் பேப்பர் இல்லீங் சார். நான் வாங்கற மார்க் என்னோடதா இருக்கோணும். ஒவ்வொரு கேள்வி முடிஞ்சதும் ‘முடிஞ்சுதா’ன்னு ஒரு தடவ கேளுங்க. அது போதும்.”

என்னிடம் நேர்மை பேசுகிறாள். நான் பார்க்காத நேர்மையா? நாளைக்குத் தவறாகச் சொல்லிவிட்டு ஒப்பாரி வைக்கட்டும், எனக்கென்ன வந்தது?

மார்ச் 14, வெள்ளி

தேர்வு முடிந்தது. சொன்னதை எழுதினேன். விசேஷம் ஒன்றும் இல்லை.

தனி அறை. மேற்பார்வைக்கு ஒரு டீச்சர். உட்கார்ந்த நிமிடத்திலிருந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஃபேன், ஆட்டோ மாதிரி சத்தம்.

பிள்ளை நன்றாகத்தான் சொன்னது. சமன்பாடெல்லாம் கடகடவென்று வந்தது. ஒவ்வொரு விடைக்கும் ஒப்பந்தப்படி “முடிஞ்சுதா அம்மிணி” என்று கேட்டேன். “முடிஞ்சுதுங் சார், அடுத்தது” என்று போய்க்கொண்டே இருந்தது.

குளோரின் ட்ரைஃபுளோரைடு வந்தது. நடுவில் குளோரின். வடக்கால ஒரு புளோரின், தெக்கால ஒன்று, மேக்கால ஒன்று. குளோரினுக்குக் கெழக்கால ரெண்டு ஜோடி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வடக்குப் புளோரினுக்கு மூன்று பக்கமும் வைக்கச் சொன்னாள், வைத்தேன். தெற்குக்கும் அப்படியே. மேற்குப் புளோரினுக்கு வடக்கால ரெண்டு, தெக்கால ரெண்டு என்றாள். நிறுத்திவிட்டாள்.

அதன் மேற்குப் பக்கம் மொட்டையாக இருந்தது.

மொத்தம் இருபத்தெட்டு வர வேண்டும். நான் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. எழுதுகிறவனுக்குத் தெரியாதா?

“முடிஞ்சுதா அம்மிணி?” என்றேன். பதில் இல்லை. கண் மூடியபடியே இருந்தாள். இடது கை விரல்கள் மேஜை மேல் அசைந்தன. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? ஃபேன் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டேன். கொஞ்சம் சத்தமாக. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தாள். பேப்பரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

“முடிஞ்சுதுங் சார். அடுத்தது.”

மீதியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்ததும் நன்றி சொன்னாள். சரியாகச் சொன்னாயா என்று கேட்டேன். “சொன்னது போதுங் சார்” என்றாள். கவனக்குறைவு. எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் அலட்சியம்.

மார்ச் 17, திங்கள்

கலியமூர்த்தியிடம் பொதுவாக ஒன்று கேட்டேன். ஓரத்து அணுவில் ஒரு லோன் பேர் விட்டுப்போனால் மார்க் போகுமா?

சோற்றுக் கை அப்படியே நின்றது. “உங்களுக்கு லோன் பேர் எல்லாம் தெரியுமாங்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“பேப்பர் எவங் கைக்குப் போகுதோ அவனப் பொறுத்ததுங். ஒருத்தன் கண்டுக்கமாட்டான். ஒருத்தன் ஒரு மார்க்கப் புடுங்கிருவான்.”

அதாவது பிள்ளையின் தலையெழுத்து, எவனோ ஒருவன் அன்று காலையில் பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானா இல்லையா என்பதில் இருக்கிறது. அருமையான பாடம்.

மார்ச் 20, வியாழன்

ஸ்கிரைப் விதிமுறைகள் போட்ட தாளை எடுத்துப் படித்தேன். விடை முடிந்ததா என்று எத்தனை தடவை கேட்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஃபேன் ஓடும் அறையில் ஒரு மனிதன் ஒன்றை இரண்டு தடவை கேட்பது சகஜம். எங்கள் வீட்டில் நான் எதையும் மூன்று தடவை கேட்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

நான் இருமவில்லையே.

மே 8, வியாழன்

ரிசல்ட். உயிரியல் தொண்ணூற்றெட்டு, இயற்பியல் தொண்ணூற்றாறு, வேதியியல் தொண்ணூற்றொன்பது. பெண்கள் பள்ளி வாசலில் அவள் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கீழே மார்க், அதற்குக் கீழே வார்டு கவுன்சிலர் மூஞ்சி, பிள்ளையின் மூஞ்சியைவிடப் பெரிதாக.

எங்கள் ஹெச்.எம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “தொண்ணூத்தொம்போதுங் நாச்சிமுத்து! உங்க கைராசி!” கையை உருவிக்கொண்டேன். அந்த ஒன்று எங்கே போனது என்று ஒருத்தனாவது கேட்டானா?

ஜூன் 4, புதன்

அவள் அப்பாவைச் சந்தையில் பார்த்தேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தார்களாம். அந்தப் புள்ளிப் படத்தில்தான் ஒரு மார்க் போயிருக்கிறது. “ரெண்டு புள்ளி விட்டுப்போச்சாமுங், புள்ளயே மறந்துட்டேன்னு சொல்லிருச்சு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

நான் எதற்கு மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்? சொன்னதை எழுதினேன்.

ஜூன் 30, திங்கள்

கால்நடைப் படிப்புக்குக் கலந்தாய்வு முடிந்தது. அவர்கள் பிரிவில் கடைசி இடம் போன கட் ஆஃப்புக்கு இவளுக்கு அரை மார்க் குறைவு. வேதியியலில் ஒரு மார்க் என்பது அதில் அரை மார்க்காம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. சரோஜினி மீன் குழம்பு வைத்திருந்தாள். உப்பில்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் அவளே வந்து நின்றாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை கொஞ்சம் சூம்பியிருக்கிறது. பந்தைப் பிசையச் சொன்னேன். சரிங் என்றாள். உடுமலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்துவிட்டாளாம். முகத்தில் அழுத அடையாளம் எதுவும் இல்லை. எனக்கு அதுவே ஆத்திரத்தைக் கிளப்பியது.

“எத்தன தடவ சொன்னேன், ஓரத்துல விடாத, ஓரத்துல விடாதன்னு. மறந்துட்டேங்கற. ரெண்டு புள்ளி அம்மிணி. மேக்கால ரெண்டே ரெண்டு புள்ளி. ஒரு டாக்டர் போச்சு.”

“நான் மறக்கலீங் சார்.”

“அப்பறம்?”

“எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். இருபத்தாறுதான் வந்துச்சு. எங்க விட்டேன்னு வடக்கால இருந்து தேடிக்கிட்டு வந்தேன். அப்பத்தான் நீங்க மறுக்காவும் கேட்டீங்க. கண்ணத் தொறந்தா, நீங்க பேனாவ மேக்காலத்துப் புளோரின் மேலயே வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க.”

பேனா எங்கே இருந்தது என்று எனக்கு நினைவில்லை. எங்காவது இருக்கத்தானே வேண்டும்?

“சரி, தெரிஞ்சுதில்ல? வெக்கச் சொல்ல வேண்டியதுதானே?”

“அது நீங்க கண்டுபிடிச்ச புள்ளிங் சார்.”

“அடிப் பைத்தியமே, யாருக்குத் தெரியப்போகுது?” என்று கத்திவிட்டேன். பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது.

உடுமலை பஸ் வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

“இன்னும் ஒரு நிமிசம் சும்மா இருந்திருந்தீங்கன்னா நானே வெச்சிருப்பேனுங் சார்” என்றாள். குரலில் கோபம் இல்லை. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி, “உங்களுக்குத்தான் பொறுக்க முடியல, பாவம்” என்றாள்.

இத்தனை வருடத்தில் என்னை முரடன் என்றிருக்கிறார்கள், வாய்க்கொழுப்பு பிடித்தவன் என்றிருக்கிறார்கள். பாவம் என்று யாரும் சொன்னதில்லை. பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.